நொண்டிச் சாமிக்கு ஓர் ஆயுத பூஜை

லாரி உயரமாக இருந்தது.

முன்னால் இரண்டு வாழைக்கன்று கட்டி, மூக்கில் சந்தனம் அப்பி, கண்ணாடிக்கு மேலே விபூதிப் பட்டை போட்டு, பக்கப் பலகைகளை மூன்று புறமும் இறக்கிவிட்டிருந்தார்கள். அதுதான் மேடை. மேலே ஜமுக்காளம், ஜமுக்காளத்தின் மேல் வரிசையாக நாற்காலிகள். நடு நாற்காலிக்கு மட்டும் வெல்வெட் உறை. அதன் பக்கத்தில் ஒரு முக்காலி, அதன் மேல் பனங்கற்கண்டு போட்ட பாலோடு ஒரு ஃபிளாஸ்கும், பக்கத்தில் ஒரு வெண்கல மணியும் இருந்தன.

ஏறுவதற்கு ஒரு சோடாப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். பெட்டிக்கும் லாரியின் விளிம்புக்கும் நடுவே இன்னும் என் இடுப்பளவு உயரம் பாக்கி இருந்தது. கவிஞர்கள் ஒவ்வொருவராகச் செருப்பைக் கீழே விட்டு, வேட்டியை மடித்து, மேலே நிற்பவர் கையைப் பிடித்து, முனகிக்கொண்டே ஏறினார்கள். தமிழ்க் கவிதை மேலே போவதற்கு இவ்வளவு முனகல் தேவைப்படும் என்று நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

நான் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றிருந்தேன். சின்ன வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தால் என் இடது கால் சூம்பிப் போனது. பூட்ஸிலிருந்து தொடை வரை இரண்டு இரும்புக் கம்பி போட்டுத்தான் நான் நிற்பது. முட்டியை மடக்க வேண்டுமானால் கொண்டியைக் கழற்ற வேண்டும். லாரி ஏறுகிற சமாச்சாரம் இல்லை அது.

போன வாரம் இதே பகுதியில் இந்த இரும்பைப் பற்றி எழுதியதைப் படித்துச் சில வாசகர்கள் கண்ணீர் விட்டார்களாம். வேண்டாம். ஈரம் பட்டால் அது துருப்பிடிக்கும்.

கோயில் இல்லாத சாமி

எழுபதுகளின் தொடக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கும்மிடிப்பூண்டிப் பக்கம் நேற்று வரை வேர்க்கடலை போட்ட நிலத்தில் ஒவ்வொன்றாகப் புகைபோக்கி முளைத்துக்கொண்டிருந்த காலம். அங்கே ஓர் இரும்பு உருக்கும் ஆலையில் என் அண்ணன் ஸ்டோர் கீப்பர். அந்த ஆலையின் தொழிலாளர் மன்றம் ஆயுத பூஜைதோறும் ஒரு கவியரங்கம் நடத்தும்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கவியரங்கம் என்றால் என்னவென்று சொல்ல வேண்டியிருக்கிறது. நடுவில் ஒரு தலைவர். சுற்றி ஆறேழு கவிஞர்கள். ஆளுக்கொரு தலைப்பு. தலைவர் ஒவ்வொருவரையும் பாட்டாலேயே சீண்டிக் கூப்பிடுவார். கூப்பிட்டவர் எழுந்து, முதலில் தலைவரைச் சூரியன், இமயம், சிங்கம் என்று எட்டு வரி புகழ வேண்டும். பிறகுதான் சொந்தச் சரக்கு. வரி பிடித்தால் கூட்டம் ஒன்ஸ்மோர் கேட்கும். நேரம் மீறினால் தலைவர் மணி அடிப்பார்.

முந்தின வருஷத் தலைப்பு ராமாயணம். ஒரு கவிஞர் ராமனைத் திட்டினார். அடுத்த கவிஞர், திட்டினவரைத் திட்டினார். இருவரும் சந்தம் பிசகாமல்தான் திட்டினார்கள். கேட்டவர்களுக்குத்தான் சந்தம் தெரியவில்லை, கேன்டீன் நாற்காலிகளைத் தூக்கிவிட்டார்கள்.

அதனால் இந்த வருஷம் மேனேஜர் மன்றச் செயலாளர் குப்புசாமியைக் கூப்பிட்டுக் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கவிதை வேண்டுமானால் வைத்துக்கொள், சாமி வேண்டாம். ஆயுத பூஜையில் சாமி இல்லாமல் எப்படி என்று குப்புசாமி தலையைச் சொறிந்திருக்கிறார். அப்படியானால் இந்த ஜில்லாவில் எங்கேயும் கோயில் இல்லாத சாமியாகப் பார் என்றாராம் மேனேஜர்.

தலைவராக வருபவர் புலவர் ஏகாம்பரம். திருவள்ளூரில் தமிழாசிரியர். அவரிடம் கிரேக்க தேசத்துச் சாமிகளைப் பற்றி ஒரே ஓர் இங்கிலீஷ் புத்தகம் இருந்தது. பிரச்சினை தீர்ந்தது. அந்தச் சாமிகளை யார் திட்டினாலும் யாருக்கும் கோபம் வராது, ஏனென்றால் யாருக்கும் தெரியாது. பாடப்போகிற கவிஞர்களுக்கும் தெரியாது. அதை ஒரு குறையாக யாரும் நினைக்கவில்லை.

புலவர் பஸ் ஏறி வீடு வீடாகப் போய், ஆளுக்குப் பத்து நிமிஷம் கதை சொல்லித் தலைப்புக் கொடுத்தார். கூட்டுறவுச் சங்க குமாஸ்தா ஒருவருக்கு, இருபது வருஷம் புருஷனுக்காகக் காத்திருந்து, நெய்து நெய்து பிரித்த பெனலோப்பி. சுகாதார ஆய்வாளருக்கு, பெட்டியைத் திறந்து உலகத்துக்கு நோய்நொடி எல்லாம் கொண்டுவந்த பண்டோரா. காலேஜ் படிக்கிற ஒரு பையனுக்கு, தலைமயிரெல்லாம் பாம்பாக நெளியும் மெதூசா. அப்புறம் பஸ் பெரியபாளையம் தாண்டி எங்கள் ஊருக்கு வந்தது.

உங்களுக்கென்றே ஒரு தேவன்

எங்கள் ஊர் ஆரணி. பட்டுப் புடவைக்குப் பெயர்போன ஆரணி வேறு. இது பெரியபாளையத்துக்கும் புதுவாயலுக்கும் நடுவில், ஆற்றங்கரையில் இருப்பது. ஆரணி கோமளா என்று பத்திரிகையில் என் பெயர் வர ஆரம்பித்த புதிதில் திருச்சியிலிருந்து ஒரு அம்மாள், மாம்பழக் கலரில் அரக்கு பார்டர் வைத்து என்ன விலை வரும் என்று கேட்டு எழுதினார். கவிதையைப் பற்றி ஒரு வரி இல்லை.

புலவர் வந்து உட்கார்ந்தார். மோர் குடித்தார். என் காலைப் பார்த்தார், பார்க்காத மாதிரி வாசலைப் பார்த்தார், மறுபடியும் காலைப் பார்த்தார். பிறகு முகமெல்லாம் மலர்ந்து, "அம்மா, உங்களுக்கென்றே ஒரு தேவன் இருக்கிறார்" என்றார்.

பெயர் ஹெஃபஸ்டஸ். தேவலோகத்துக் கொல்லன். நொண்டி. புலவர் வாயில் அந்தப் பெயர் நுழையவில்லை, 'கொல்லத்தேவன்' என்று அவரே நாமகரணம் செய்துவிட்டார். கால் ஊனமானாலும் உலை ஊதி உழைத்து முன்னேறினான், இதுதான் கரு, தொழிலாளர் விழாவுக்கும் பொருத்தம், உங்களுக்கும் பொருத்தம் என்றார். பொருத்தத்தில் அவருக்கு அப்படி ஒரு திருப்தி. ஜாதகம் சேர்ந்த மாதிரி சிரித்தார்.

அந்தக் கால் எப்படி ஊனமாச்சு என்று கேட்டேன். தவறி விழுந்துவிட்டார் என்றார். எங்கேயிருந்து என்றேன். மேலேயிருந்து என்றார். தேவர்கள்கூடத் தவறி விழுவார்களா என்றேன். கொஞ்சம் மோர் கிடைக்குமா என்றார்.

புத்தகத்தைக் கொடுத்துவிட்டுப் போங்கள், பத்திரமாகத் தருகிறேன் என்று கேட்டு வாங்கிவிட்டேன். பழுப்புத் தாள் அட்டை போட்டிருந்தார். டிக்ஷனரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தேன். அடேயப்பா.

தவறி விழவில்லை. எறிந்திருக்கிறார்கள். நொண்டியாகப் பிறந்ததைப் பார்த்துப் பெற்ற தாயே மலையிலிருந்து கடலில் எறிந்தாள் என்று ஒரு பக்கத்தில் போட்டிருந்தது. இன்னொரு பக்கத்தில், தகப்பன் கோபத்தில் காலைப் பிடித்து எறிந்தான், மகன் ஒரு பகல் முழுக்க விழுந்துகொண்டே இருந்தான், அதனால் நொண்டியானான் என்று போட்டிருந்தது. யார் எறிந்தது என்பதில்தான் தகராறு. எறிந்ததில் இல்லை.

மற்றவர்களையும் புரட்டினேன். மெதூசாவைக் கோயிலுக்குள்ளே வைத்துக் கெடுத்தவன் கடல் சாமி. தண்டனை மெதூசாவுக்கு. தண்டித்தவள் அந்தக் கோயில் அம்மன். இது எந்த ஊர்ப் பஞ்சாயத்து என்று யோசித்துப் பார்த்தேன், பழக்கப்பட்டதாகத்தான் தெரிந்தது. பண்டோராவுக்கு எதற்கு என்று சொல்லாமலே ஒரு பெட்டியைக் கொடுத்து, திறக்காதே என்று அனுப்பியிருக்கிறார்கள். திறந்து பார்க்காமல் அதை வைத்து அவள் என்ன இட்லியா அவிப்பாள்? இதையெல்லாம் புலவர் யாருக்கும் சொல்லவில்லை. பிறகு ஒரு நாள் கேட்டதற்கு, தமிழ் மரபுக்கு ஒவ்வாததைக் கழித்துவிட்டேன் என்றார். கழித்ததுதான் கதை, மிச்சம் வெறும் பொம்மை.

கோலுக்குப் பதிலாக ஒரு அண்ணி

இங்கே என் அண்ணியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். சரோஜா, புதுவாயல்காரி. என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவள். அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த மறுநாளிலிருந்து எனக்குக் கோல் அவள்தான்.

வைத்தியர் எனக்குக் கோல்தான் எழுதிக் கொடுத்தார். எங்கள் நைனாதான் ஒத்துக்கொள்ளவில்லை. வயசுப் பெண் கோல் ஊன்றினால் நொண்டி என்று ஊருக்குத் தண்டோரா போட்ட மாதிரி ஆகிவிடுமாம். அண்ணி கையைப் பிடித்துக்கொண்டு நடந்தால், நாத்தனாரும் அண்ணியும் எவ்வளவு ஒற்றுமை என்று நினைப்பார்களாம். பூட்ஸ் சத்தம் கிளிங் கிளிங் என்று தெருமுனை வரை கேட்கும். அது பாசத்தின் சத்தம் என்று ஊர் நம்ப வேண்டும்.

பெண் பார்க்க வருபவர்களிடம் இது கொஞ்ச நேரம் செல்லுபடியாகும். பெண்ணை அண்ணி கைப்பிடித்து அழைத்துவருவது எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தானே. நான் தலையைக் குனிந்து வந்து உட்கார்ந்துவிடுவேன். எல்லாம் நல்லபடியாகப் போகும். யாராவது ஒரு கிழவர், "பொண்ணு கையால காபி கொண்டாரட்டும்" என்பார். அவ்வளவுதான், ஜோலி முடிந்தது. அவர்கள் போனபின் நாங்கள் இருவரும் அந்தக் கேசரியைத் தின்று தீர்ப்போம்.

முடவன் கொம்புத்தேனுக்கு ஆசைப்படலாமா என்று உறவுக்காரர்கள் என் காதுபடச் சொன்னது எத்தனையோ தடவை. நான் ஆசைப்பட்டது கல்யாணத்துக்கு என்று அவர்களாக நினைத்துக்கொண்டார்கள். எனக்கு அப்போது இருந்த ஆசை ஒன்றே ஒன்று. என் கவிதையை என் வாயால் ஒரு சபையில் படிக்க வேண்டும்.

மாலை விழுந்த கழுத்து

சிரிக்காதீர்கள். அதற்கு முன் என் கவிதை இரண்டு கவியரங்கம் ஏறியிருந்தது. நான் ஏறவில்லை.

இரண்டு தடவையும் படித்தவர் வேதாசலம். அண்ணனின் சிநேகிதர், கல்யாண வீடுகளில் மைக் பிடித்து வாழ்த்து வாசிப்பவர். வெண்கலக் குரல். மேடை உயரம், அவள் சிரமப்படுவாள், நம்ம வேதாசலம் படிக்கட்டும் என்று அண்ணன் முடிவு செய்துவிட்டார். இரண்டாவது தடவை, பொன்னேரியில், நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து, என் கவிதை இன்னொருவர் தொண்டையிலிருந்து வருவதைக் கேட்டேன். 'என் புடவை' என்று நான் எழுதிய இடத்தை அவர் 'என் உடை' என்று மாற்றிப் படித்தார். ஆம்பிளை வாயில் புடவை நன்றாக இருக்காதாம். 'பசி' என்ற இடத்தில் அவரே ஒரு 'ஐயகோ' சேர்த்தார். முடிந்ததும் எம்.எல்.ஏ. ஆசையில் இருந்த ஒருவர் ஓடிவந்து மாலை போட்டார். என் கவிதைக்குத்தான் போட்டார், கழுத்துதான் வேறு. வேதாசலம் அதைக் கழற்றி என்னிடம் கொடுக்கவும் இல்லை. வீடு வரை போட்டுக்கொண்டே போனார்.

அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரத்தில் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாவது தடவை எவன் குறுக்கே வந்தாலும் விடுவதில்லை என்று அண்ணியிடம் சொல்லி வைத்தேன். "நான் கீறேன், பாத்துக்கலாம்" என்றாள்.

அண்ணி கேட்டது

கொல்லத்தேவன் கவிதையை நான் உழைத்து முன்னேறினான் என்று எழுதவில்லை. பாதியை ஒரே மூச்சில் எழுதி முடித்தேன். பிறகு நின்றுபோனது.

பழவேற்காட்டு இறால் வந்திருந்த ஒரு நாள், அண்ணி உட்கார்ந்து உரித்துக்கொண்டிருக்க, நான் புத்தகத்தை வைத்துக்கொண்டு அவளுக்குக் கதை சொன்னேன். அந்தக் கொல்லன் தங்கத்தில் பெண்களைச் செய்துவைத்துக்கொண்டான், அவர்களுக்குப் பேச்சு உண்டு, புத்தி உண்டு, அவன் நடக்கும்போது இரண்டு பக்கமும் தாங்கிப் பிடித்துக்கொண்டு வருவார்கள் என்று சொன்னேன். எவ்வளவு அழகான கற்பனை என்று வேறு சேர்த்தேன்.

அண்ணி ஓர் இறாலை உரித்து முடித்துவிட்டு, "அந்தப் பொண்ணுங்க எப்பதான் உக்காருவாங்க?" என்று கேட்டாள்.

புத்தகத்தில் தேடினேன். அப்படி எதுவும் போடவில்லை என்றேன்.

"எப்டிப் போட்டிருக்கும்? எழுதினவன நிக்க வச்சிருந்தா எழுதியிருப்பான்" என்றாள். சொல்லிவிட்டு அடுத்த இறாலை எடுத்துக்கொண்டாள். எனக்குச் சுருக்கென்றது. அன்று சாயங்காலமே மறுபாதி வந்துவிட்டது. அதை அண்ணிக்குப் படித்துக் காட்டவில்லை. காட்டியிருந்தால், இன்னாத்துக்கு என்ன இதுல இழுக்கற என்று அடித்துவிடச் சொல்லியிருப்பாள்.

ஆயுதம் எல்லாம் பூஜையில்

இனி லாரிக்கு வருவோம்.

குப்புசாமி வேர்த்து விறுவிறுத்து ஓடிவந்தார். நல்ல மனுஷர். தப்பு என்று தெரிந்த காரியத்தை மிகவும் மரியாதையாகச் செய்வார். "வாசிக்க ஆள் போட்டுட்டோம்மா, நீங்க முன் வரிசைல குந்துங்க" என்றார். அவருக்குப் பின்னால் வேதாசலம் நின்றிருந்தார். சில்க் ஜிப்பா. தலையில் எண்ணெய் வழிந்தது. தொண்டையை வேறு செருமிக்கொண்டிருந்தார்.

நான் முடியாது என்றேன். ஒரு படி செய்து போடுங்கள், ஏறிக்கொள்கிறேன் என்றேன். நாலு பலகை, பத்து ஆணி. இரும்பையே உருக்குகிற ஆலை, ஃபிட்டரும் வெல்டரும் கார்பென்டருமாக அத்தனை பேர் எதிரே ஜமுக்காளத்தில் உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தார்கள்.

"அதாம்மா பேஜாரு. சுத்தி, ரம்பம், வெல்டிங்கு எல்லாம் பூஜைல கீது. நாளைக்குத்தான் தொடலாம்" என்றார் குப்புசாமி.

உண்மைதான். பூஜையில் வைத்த ஆயுதத்தை அன்றைக்கு எடுக்கக் கூடாது. வருஷத்தில் அந்த ஒரு நாள் கும்மிடிப்பூண்டியில் யாராலும் ஓர் ஆணி அடிக்க முடியாது. அந்த நாளில்தான் தேவலோகக் கொல்லனைப் பாட என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். ஏணி இல்லையா என்றேன். ஏணியைக் காட்டினார். சுவரோரமாக, படிக்கொரு சந்தனப் பொட்டோடு, கழுத்தில் சாமந்தி மாலையோடு நின்றிருந்தது. நாலு பேர் தூக்கிவிடலாம்தான், ஆனால் பொம்பளைப் பிள்ளை என்று இழுத்தார். கடைசியில் தரையைப் பார்த்துக்கொண்டு உள்ளதைச் சொன்னார். வண்டிக்கும் பூஜை போட்டாயிற்று. பூட்ஸோடு ஏறவே கூடாது. நான் பூட்ஸைக் கழற்றினால் நிற்கவே முடியாது என்பது அவருக்கும் தெரியும்.

நொண்டிக் குதிரைக்குச் சறுக்கினது சாக்கு என்பார்கள். அன்று சாக்குத் தேடியது குதிரை இல்லை, மன்றம்.

அண்ணி குறுக்கே வந்தாள். "இரும்புக்குத்தான இன்னிக்குப் பூஜ? இவ காலும் இரும்புதான். அதுக்கும் ஒரு பொட்டு வச்சி ஏத்துங்க" என்றாள். குப்புசாமி ஒரு நிமிஷம் நிஜமாகவே யோசித்தார். குங்குமக் கிண்ணம் எங்கே என்று கண்ணால்கூடத் தேடினார்.

அதற்குள் அண்ணன் வந்துவிட்டார். மேனேஜர் பார்க்கிறார், மானத்தை வாங்காதே, வேதாசலம் படிக்கட்டும், எழுதினது நீதான் என்று எல்லாருக்கும் தெரியும் என்றார். பொன்னேரியில் அந்த எல்லாரும் எங்கே போயிருந்தார்கள் என்று கேட்டேன். பிறகு குப்புசாமி பக்கம் திரும்பினேன். நான் ஏற வேண்டாம், மைக்கை இறக்குங்கள், கீழே நின்று படிக்கிறேன் என்றேன்.

செய்தி மேலே போனது. புலவர் விளிம்பு வரை வந்து குனிந்து பார்த்தார். கவிஞர் கீழும் தலைவர் மேலுமாக நிற்பது அவை மரபு அல்ல என்றார். அண்ணி அண்ணாந்து பார்த்து, "அப்ப நீங்களும் எறங்கிடுங்க" என்றாள். பக்கத்தில் இருந்த சிலர் சிரித்துவிட்டார்கள். புலவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு, அவள் கீழே நின்று பாடுவது ஒருவகையில் உருக்கமாக இருக்கும் என்று குப்புசாமியிடம் சொல்வது என் காதில் விழுந்தது. மைக் இறங்கியது. உருக்கமோ இரும்போ, எனக்கு வேண்டியது மைக்.

மேலே வணக்கம்

முதலில் மற்றவர்கள் பாடினார்கள். பெனலோப்பியைக் கற்புக்கரசி என்று கூட்டுறவுச் சங்கக் கவிஞர் மூன்று தடவை கும்பிட்டார். அந்த இருபது வருஷத்தில் புருஷன் எந்தெந்தத் தீவில் யார் யாரோடு இருந்தான் என்று அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. சுகாதார ஆய்வாளர் பண்டோரா பெட்டியிலிருந்து வாந்திபேதி, அம்மை, மலேரியா என்று வரிசையாக எடுத்துவிட்டு, தடுப்பூசி போட்டுக்கொள்ளச் சொல்லி முடித்தார். சும்மா சொல்லக் கூடாது, அன்றைக்குப் பிரயோஜனமான கவிதை அது ஒன்றுதான். மெதூசாப் பையன் பெண்ணை நம்பாதே என்றான். ஆண்கள் பக்கம் விசில் பறந்தது.

என் முறை வந்தது. புலவர் வெல்வெட் நாற்காலியிலிருந்து கையை விரித்தார்.

*காலிலே குறையுண்டு, கவியிலே குறையில்லை,
கோலமயில் கோமளமே, குறைதீரப் பாடம்மா!*

கூட்டம் முழுக்க "த்சொ, த்சொ" என்றது. அந்தச் சத்தத்தைப் பிறந்ததிலிருந்து கேட்கிறேன், பல்லிகூட அதைவிடக் கௌரவமாகச் சத்தம் போடும். அண்ணி என் இடது கையைப் பிடித்திருந்தாள். வலது கையில் தாள். முதுகுக்குப் பின்னால் லாரி. தலைவரைப் புகழ எட்டு வரி எழுதவில்லை. "தலைவர் மேலே இருக்கிறார். வணக்கம்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஆரம்பித்தேன்.

*மகனாய்ப் பிறந்தாய், அதனால் எறிந்தார்கள்.
ஒரு பகல் முழுக்க விழுந்தாய்.
வானம் பார்த்தாய், மலை பார்த்தாய், கடல் பார்த்தாய்.
மகளாய்ப் பிறந்திருந்தால்
எறிய மாட்டார்கள் கொல்லா,
எறிந்தால் ஊர் பார்க்கும்.
உள்ளறையில் உட்கார வைத்துக்
கதவைச் சாத்திவிட்டு,
கண்ணே என்பார்கள்.*

ஆண்கள் பக்கம் விசிலுக்கு வாயில் வைத்த விரல் அப்படியே இருந்தது. அண்ணன் எங்கேயோ பார்த்தார். பெண்கள் பக்கத்திலிருந்து, தொழிலாளர் வீட்டு அம்மாள் ஒருத்தி, யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, "இன்னோர் தபா படிம்மா" என்றாள். பெண்கள் ஒன்ஸ்மோர் கேட்டு அந்த ஊரில் அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. மறுபடி படித்தேன். குரல் நடுங்கியது. நடுங்கினாலும் என் குரல். புடவையைப் புடவை என்று சொல்லும் குரல். அந்தச் சந்தோஷத்தை வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

புலவருக்கு உருக்கம் போதவில்லை. கதை வேறு பக்கம் போகிறதே என்று அவருக்குச் சங்கடம். நேரமும் ஆகியிருந்தது. நான் கீழே நிற்பதால் மணி எனக்குக் கேட்காதோ என்று நினைத்தாரோ என்னவோ, மணியை எடுத்துக்கொண்டு விளிம்புக்கே வந்து, என் தலைக்கு நேர் மேலே குனிந்து நின்று ஆட்டினார். நான் இரண்டாம் பாதிக்குப் போய்விட்டேன்.

*பொன்னில் பெண் செய்தாய்.
பேச வைத்தாய், நடக்க வைத்தாய்,
உன் அக்குளுக்குக் கீழே நிற்க வைத்தாய்.
உட்கார வைக்க மட்டும் ஏன் மறந்தாய்?
பெண்ணே, உன் பேர் என்ன?
அவன் கிடக்கிறான், விடு.
விழுந்து பழகியவன் அவன்.
கையை எடு,
போய் உட்கார்.*

அண்ணியின் கை என் கையில் இறுகியது. திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். நான் தாளைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அவள் கையை எடுத்தாள். இரண்டு எட்டு நடந்தாள். சோடாப் பெட்டியில் உட்கார்ந்தாள்.

நான் சாய்ந்தேன். கொண்டி போட்ட கால் அப்படியே மரமாக நிற்க, இடுப்புக்கு மேலே எல்லாம் இடது பக்கமாகப் போனது. இடது கையை மேலே வீசிக் கிடைத்ததைப் பிடித்தேன். கிடைத்தது புலவரின் மணிக்கட்டு. மணி கீழே விழுந்து லாரிக்கு அடியில் உருண்டு போனது.

உதறியிருப்பார். எதிரே முதல் வரிசையில் மேனேஜர். ஒரு நொண்டிப் பெண்ணை மேலேயிருந்து கீழே தள்ளிய தலைவர் என்று பெயர் வாங்க எந்தப் புலவருக்குத் துணிச்சல் வரும்? அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் நிமிர்ந்தேன். விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன்.

இரண்டு தாள் படித்திருப்பேன். புலவருக்கு வேர்த்துக் கொட்டி, கை வழுக்க ஆரம்பித்தது. கடைசியில் குனிந்து என் காதருகே வந்து, மேடைத் தமிழை எல்லாம் மறந்து, வீட்டுப் பேச்சில் கெஞ்சினார்.

"கை வலிக்குதும்மா. சீக்கிரம் முடியேன்."

மைக் பக்கத்தில் இருந்ததை அவர் கவனிக்கவில்லை. ஆலையின் நாலு மூலையில் கட்டியிருந்த ஸ்பீக்கர் குழாயிலும் அது கேட்டது. பெண்கள் பக்கம்தான் முதலில் சிரித்தது.

நான் அண்ணியைப் பார்த்தேன். பெட்டியில் உட்கார்ந்து லாரிமேல் நன்றாகச் சாய்ந்து, காலை நீட்டிப் போட்டுக்கொண்டு, யாரோ கொடுத்த பொரியைத் தின்றுகொண்டிருந்தாள். எழுந்திருக்கும் உத்தேசம் முகத்தில் இல்லை.

படித்த தாளைத் தரையில் விட்டேன். "இன்னும் நெறைய இருக்குது, ஐயா" என்று மைக்கிலேயே சொல்லிவிட்டு அடுத்த தாளைப் படிக்க ஆரம்பித்தேன்.